கைவேலை அசெம்பிளி லைனில் எண்ணிக்கை எங்கே தொலைகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோவையில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் அசெம்பிளி செய்யும் ஒரு சின்ன யூனிட். லைனில் எட்டுப் பேர், முழுக்கக் கைவேலை. ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுத்து, வேலையை முடிந்தவரை சமமாகப் பிரித்தாயிற்று. கணக்குப்படி மணிக்கு 22 கிரைண்டர் வர வேண்டும், ஆனால் 16-ஐத் தாண்டவில்லை. கை வேகமான இரண்டு பேர் அடிக்கடி சும்மா நிற்கிறார்கள். வயரிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் முன்னால் கிரைண்டர் பாடிகள் (வெளிக்கூடுகள்) குவிகின்றன. லைனை மறுபடி பிரிப்பதா, இன்சென்டிவ் வைப்பதா, கன்வேயர் (தானாக நகரும் மேடை) வாங்குவதா என்று கேட்கிறீர்கள்.

ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் எல்லையில்தான் உங்கள் எண்ணிக்கை தொலைகிறது. அந்த எல்லையைக் கொஞ்சம் நகரவிட்டாலே பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் எல்லை நகர வேண்டுமென்றால் பக்கத்து வேலை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் கை கொடுக்க மனசு வர வேண்டும். முதலாவது சொல்லிக்கொடுக்கும் முறையைப் பொறுத்தது, இரண்டாவது நீங்கள் சம்பளத்தையும் டார்கெட்டையும் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் நீங்கள் கொடுத்த நேரங்களையே பார்ப்போம். பாடி தயார் செய்ய 150 வினாடி, மோட்டார் பொருத்த 165, ஷாஃப்ட்டும் பேரிங்கும் 140, வயரிங் 210, பெல்ட்டும் அடி மூடியும் 155, எலெக்ட்ரிகல் டெஸ்ட் 170, டிரம்மும் கல்லும் வைத்துத் துடைக்க 130, பேக்கிங் 160. கூட்டினால் 1,280 வினாடி. எட்டால் வகுத்தால் ஆளுக்கு 160, அதாவது மணிக்கு 22.5. உங்கள் 22 இங்கிருந்துதான் வந்தது. ஆனால் லைன் சராசரியில் ஓடாது, மிக நீண்ட வேலையின் நேரத்தில்தான் ஓடும். வயரிங் 210 என்றால் மணிக்கு 17-தான். மற்ற ஏழு பேரும் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 17-க்கு மேல் ஒன்று கூட வராது.

அந்த 17-ம் ஏன் 16 ஆகிறது? 210 என்பது சராசரி. ஒரு பாடியில் கெப்பாசிட்டர் வயர் சரியாக உட்காரும், 180-ல் முடியும். அடுத்ததில் டெர்மினல் லூசாக இருக்கும், 260 ஆகும். 180-ல் முடிந்தபோது முன்னால் குவியல் இல்லாத நேரமாக இருந்தால், முந்தைய ஸ்டேஷன் (ஒருவர் நின்று வேலை செய்யும் இடம்) அடுத்த பாடியைத் தராததால் மிச்சமான 30 வினாடியை இழக்கிறீர்கள்; 260 ஆனபோது பின்னால் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கைவேலையில் இந்த ஏற்ற இறக்கத்தை ஒழிக்க முடியாது. எட்டுப் பேருக்கும் 160, 160 என்று அச்சடித்தாற்போலப் பிரித்திருந்தாலும் இது நடந்தே தீரும். அதனால்தான் "லைனை மறுபடி பிரிக்கலாமா" என்ற முதல் கேள்விக்கு என் பதில்: ஒரு தடவை பிரியுங்கள், ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். லைன் பக்கத்தில் ஒரு கரும்பலகை. மணிக்கொரு தடவை எத்தனை வந்தது, குறைந்திருந்தால் ஏன் என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். "ஸ்க்ரூ வரல", "மோட்டார் லேட்", "பாடி ஓட்டை பொருந்தல" என்று பாதி நாள் வந்தால், கோளாறு ஆட்களிடம் இல்லை, ஸ்டோரிலோ சப்ளையரிடமோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒத்துழைப்பு பற்றிப் பேசினால் லைனில் உள்ளவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சரி, எல்லையை நகர்த்துவது எப்படி?

உங்கள் லைனில் மூன்றாவது ஸ்டேஷனுக்கு 140, நாலாவது வயரிங்குக்கு 210. வயரிங்கில் பவர் கார்டைப் பாடியில் கோர்த்து உள்ளே முடிச்சுப் போடுவது, கெப்பாசிட்டரை கிளாம்ப்பில் உட்கார வைப்பது ஆகிய இரண்டையும் தனியாகப் பிரிக்கலாம். சேர்த்து 35 வினாடி என்று வைத்துக்கொள்வோம். இந்த 35 வினாடி வேலையை மூன்றாவது ஆளுக்கு நிரந்தரமாக மாற்றினால் இரண்டும் 175 ஆகிவிடும், மணிக்கு 20 வந்துவிடும். பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதை நிரந்தரமாக யாருக்கும் எழுதிவைக்காமல், பொது வேலையாக விடுவதில்தான் கூடுதல் லாபம். மூன்றாவது ஆளுக்கு ஒரே ஒரு விதி: "அடுத்தவர் முன்னால் ஏற்கெனவே ஒரு பாடி காத்திருந்தால், கார்டைக் கோர்த்து முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். காத்திருக்கவில்லை என்றால் அப்படியே தள்ளிவிடுங்கள்." அவ்வளவுதான். சூப்பர்வைசர் கத்த வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். வயரிங்கில் கை தடுமாறும் நேரத்தில் முந்தைய ஆள் தானாகவே அதிகம் சுமக்கிறார், வேகம் பிடிக்கும்போது குறைவாகச் சுமக்கிறார். சமப்படுத்துவது நாள் முழுக்கத் தானாக நடக்கிறது.

இந்த யோசனையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் உண்டு. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஐசின் செய்கி நிறுவனம் 1978-ல் கார் சீட் உறை தைக்கும் பிரிவில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. தையல்காரர்கள் உட்காராமல் நின்றுகொண்டு, மெஷினிலிருந்து மெஷினுக்குத் துணியோடு நகர்வார்கள். ஆட்களைவிட மெஷின்கள் அதிகம். கடைசி ஆள் ஒரு உறையை முடித்ததும் பின்னால் நடந்து வந்து, முந்தைய ஆள் கையில் பாதியில் இருப்பதை வாங்கிக்கொள்வார். அந்த ஆள் தனக்கு முந்தையவரிடம் போய் வாங்குவார். முதல் ஆள் புதிதாக ஒன்றைத் தொடங்குவார். யாருக்கும் "இது உன் ஸ்டேஷன்" என்ற கோடே கிடையாது. இந்த முறை பின்னால் உலகெங்கும் தையல் ஆலைகளுக்குப் பரவியது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதைக் கணிதமாகக் காட்டியவர்கள் ஜான் பார்த்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு பேராசிரியர்கள். 1996-ல் வந்த அவர்கள் கட்டுரையின் முடிவு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. மெதுவானவரை முதலிலும் வேகமானவரைக் கடைசியிலும் நிறுத்தி, முடித்ததும் பின்னால் போய் முந்தையவரிடம் வாங்குவது என்ற ஒரே விதிப்படி ஓடவிட்டால், கைமாறும் இடங்கள் தாமாகவே ஓரிடத்தில் வந்து நிலைத்துவிடும். நேர ஆய்வே தேவையில்லை. தீயை அணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதை வைத்து இதற்கு 'வாளி வரிசை' என்று பெயர். மருந்துக் கடைச் சங்கிலியான ரெவ்கோவின் கிடங்கில் சரக்கு எடுக்கும் வேலைக்கு இதைப் போட்டபோது எடுக்கும் வேகம் 34 சதவீதம் கூடியது என்று பின்னால் எழுதினார்கள்.

கணக்கு எளிது. 12 நிமிட வேலை, மூன்று பேர். ஒருவர் சராசரி வேகம், ஒருவர் அதில் 20 சதவீதம் மெது, ஒருவர் 20 சதவீதம் வேகம். ஆளுக்கு 4 நிமிட வேலை என்று கோடு போட்டுப் பிரித்தால் மெதுவானவருக்கு அது 5 நிமிடமாகும். லைன் மணிக்கு 12 தரும். வாளி வரிசையில் மெதுவானவர் 3.2 நிமிட அளவு வேலையோடு கைமாற்றிவிடுவார், நடுவில் உள்ளவர் 4, வேகமானவர் 4.8. மூவருக்கும் ஆகும் நேரம் சரியாக 4 நிமிடம். மணிக்கு 15. அதே மூன்று பேர், அதே வேகம், யாரையும் விரட்டவில்லை.

இங்கே மெதுவானவரைக் 'கோளாறு' என்று பார்க்கத் தேவையில்லாமல் போகிறது, கவனித்தீர்களா? அவர் தன் வேகத்தில் செய்கிறார், மிச்சத்தை அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். உங்கள் லைனில் புதுப் பெண்ணின் முன்னால் குவியும் பாடிகள் அந்தப் பெண்ணின் தப்பு அல்ல, கோடு போட்டவரின் தப்பு.

ஆனால் எட்டுப் பேரையும் நாளைக்கே வாளி வரிசையில் நிறுத்தாதீர்கள். கிரைண்டர் சீட் உறை அல்ல. பாடி கனமானது, கையில் எடுத்துக்கொண்டு நடக்க முடியாது, மேடையில் தள்ளத்தான் முடியும். அதைவிட முக்கியம், எந்த இடத்திலும் பாதியில் கைமாற்றக் கூடாத வேலைகள் இருக்கின்றன. டெர்மினல் பாதி ஏறிய நிலையில் ஒருவர் விட்டு இன்னொருவர் தொட்டால், இருவருமே அது முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஈரக் கையோடு தொடும் சாதனம் இது. எர்த் வயர், ஹை வோல்டேஜ் டெஸ்ட் இரண்டும் தொடங்கியவரே முடிக்க வேண்டும், அவர் கையெழுத்தோ முத்திரையோ விழ வேண்டும். இதில் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன்.

அதனால் லைனை நான்கு மண்டலமாகப் பார்க்கலாம். முதல் மூன்று ஸ்டேஷன் ஒரு கூட்டு, வயரிங்கும் பெல்ட்டும் ஒரு கூட்டு, டெஸ்ட் தனி, டிரம்மும் பேக்கிங்கும் ஒரு கூட்டு. கார்டு முடிச்சும் கெப்பாசிட்டரும் முதல் கூட்டுக்கும் இரண்டாவது கூட்டுக்கும் பொதுவான வேலை. அது முழுக்க முதல் கூட்டுக்கு வந்தால் ஆளுக்கு 163 வினாடி, இரண்டாவது கூட்டில் 165, கடைசியில் 145. இப்போது 170 வினாடி டெஸ்ட்தான் லைனின் வேகம், மணிக்கு 21. அந்த 170-லும் மோட்டார் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் நேரம் இருக்கும், அது ஆளின் நேரமே இல்லை. இரண்டு பிளக் பாயிண்ட் வைத்து ஒன்று ஓடும்போது இன்னொன்றுக்கு டெஸ்ட் எடுக்கலாம். இவ்வளவுக்கும் புது ஆள் வேண்டாம், புது மெஷின் வேண்டாம். லைனை நேர்கோடாக இல்லாமல் 'ப' வடிவில் மேடை போட்டால் ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்காமல் முகம் பார்த்து நிற்பார்கள்; யாரிடம் குவிகிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு பாடி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் இடமே வைக்காதீர்கள். இடம் இருந்தால் குவியும், குவிந்தால் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்தது கற்பது. எட்டுப் பேருக்கும் எட்டு வேலையும் தெரிய வேண்டும் என்று தொடங்கினால், ஆளுக்கு ஏழு புது வேலை, மொத்தம் 56 பயிற்சி. இரண்டு மாதத்தில் எல்லோரும் சோர்ந்துபோவார்கள். இவ்வளவு தேவையே இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையோடு அடுத்த ஸ்டேஷன் வேலையை மட்டும் கற்றுக்கொள்ளட்டும், கடைசி ஆள் முதல் ஸ்டேஷன் வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். எட்டே பயிற்சி. சங்கிலி வளையம் மாதிரி எல்லோரும் கோர்த்துக்கொண்டதால், எங்கே கூட்டம் சேர்ந்தாலும் உதவி ஒருவர் மாற்றி ஒருவராக நகர்ந்து வந்து சேர்ந்துவிடும். எல்லாம் தெரிந்த லைன் தரும் லாபத்தின் பெரும்பகுதி இந்தச் சங்கிலியிலேயே கிடைத்துவிடும் என்று உற்பத்தி ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். டெஸ்ட் வேலைக்கு மட்டும் தகுதியான ஒருவரைத் தனியாகத் தயார் செய்யுங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் நம் பட்டறைகள் பெரிய கோட்டை விடுகின்றன. "அக்கா பக்கத்துல நின்னு ஒரு வாரம் பாரும்மா" என்பதுதான் பயிற்சி. அக்காவுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும், அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். புதுப் பெண் பார்ப்பது அக்காவின் கை அசைவை, காரணத்தை அல்ல.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் லட்சக்கணக்கான புது ஆட்களைத் தொழிற்சாலைகளுக்கு எடுக்க வேண்டி வந்தது. மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கலையைக் கற்பிக்க 1940-ல் ஓர் அரசுத் திட்டம் தொடங்கி 1945 வரை நடந்தது. அதன் முதல் வகுப்பில் காட்டுவது ஒரு முடிச்சு. விளக்கு வயரை உள்ளே இழுபடாமல் நிறுத்தும் முடிச்சு, உங்கள் பவர் கார்டுக்குப் போடுவது போன்றதே. பயிற்சியாளர் முதலில் வாயால் மட்டும் சொல்வார். யாராலும் போட முடியாது. பிறகு பேசாமல் கையால் மட்டும் காட்டுவார், அதுவும் பிடிபடாது. அதற்குப் பிறகுதான் முறைப்படி: ஆளின் பயத்தைப் போக்கி வேலைக்குத் தயார் செய்வது, ஒவ்வொரு படியாகக் காட்டி, எது முக்கியம், ஏன் முக்கியம் என்று சொல்வது, கற்பவரைச் செய்யவிட்டு, அவர் வாயாலேயே காரணத்தைச் சொல்ல வைப்பது, பிறகு தனியாக விட்டு அவ்வப்போது வந்து பார்ப்பது. ஆள் கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் முழக்கம். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சி முறைக்கு அடித்தளமானது. பிறந்த நாட்டில் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள் என்பது வேறு கதை.

உங்கள் பெல்ட் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதினால் ஒரே வரி: "பெல்ட்டை மாட்டவும்." புது ஆள் என்ன செய்வார்? ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவார். ஏறிவிடும், டெஸ்டிலும் ஓடும். ஆனால் பெல்ட்டின் உள்நூல் அடிபட்டிருக்கும், வாங்கியவர் வீட்டில் சீக்கிரமே அறுந்துபோகும். பழகியவர் முதலில் மோட்டாரின் சின்ன புல்லியில் மாட்டுவார், பெரிய புல்லியின் விளிம்பில் பெல்ட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, புல்லியைக் கையால் மெல்லச் சுற்றுவார். மிச்சம் தானாக ஏறிக்கொள்ளும். சுற்றும்போது உள்ளங்கையால்தான் தள்ள வேண்டும், விரலை விளிம்புக்குள் விடக் கூடாது, நசுங்கிவிடும். இந்த மூன்று விஷயத்தையும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் அரைப் பக்கத்தில் எழுதி ஸ்டேஷனில் மாட்டுங்கள். எழுத வேண்டியது அந்த வேலையைச் செய்பவர், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் அப்படிப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பல தடவை அவருக்கே அன்றுதான் காரணம் தெளிவாகும். ஒரே வேலையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்தால், இரண்டையும் நேரம் பார்த்து, தரமும் பார்த்து, நல்லதை எடுத்து எழுதுங்கள். அடுத்த மாதம் இன்னும் நல்ல வழி வந்தால் காகிதத்தை மாற்றுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், மாற்ற மனசு வராது!

எழுதிவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கற்றது ஆளோடு போய்விடக் கூடாது. ஒரு கார் தொழிற்சாலையைப் பற்றி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இரண்டாவது ஷிப்ட் புதிதாகத் தொடங்கியபோது, முதல் ஷிப்ட் வாரக்கணக்கில் போராடிக் குறைத்த குறைபாட்டு அளவிலேயே அது தொடங்கிவிட்டது தெரிந்தது. முதல் ஷிப்ட் கற்றதெல்லாம் லைனிலும் கருவியிலும் வேலை முறையிலும் ஏற்கெனவே பதிந்திருந்ததுதான் காரணம். உங்கள் யூனிட்டில் வயரிங் தெரிந்த அக்கா வேலையை விட்டபோது என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள்.

கற்கும் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விமானத் தயாரிப்பில் வேலை செய்த டி. பி. ரைட் (ரைட் சகோதரர்களுக்கு உறவில்லை) 1936-ல் எழுதியது: செய்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஆகும் உழைப்பு நேரம் ஏறக்குறைய 80 சதவீதமாகக் குறைகிறது. அந்த விகிதத்தை அப்படியே வைத்தால், பத்தாவது பாடிக்கு 300 வினாடி எடுத்தவர் இருபதாவதுக்கு 240, நாற்பதாவதுக்கு 192, எண்பதாவதுக்கு 154 எடுப்பார். எல்லா வேலையிலும் இதே 80 வராது, வடிவம்தான் முக்கியம்: முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு இறக்கம் தெரியாது. இதிலிருந்து உங்களுக்கு இரண்டு விஷயம். புது ஆளை முதல் நாள்களில் தினமும் ஒவ்வொரு ஸ்டேஷனாக மாற்றாதீர்கள். செங்குத்தாக இறங்கும் பகுதியை ஒரே வேலையில் கடக்கவிடுங்கள். கை நிலைத்த பிறகு பக்கத்து வேலைக்கு அனுப்புங்கள். அப்புறம் அதை நிறுத்தாதீர்கள், வாரம் சில மணி நேரமாவது பக்கத்து ஸ்டேஷனில் நிற்கட்டும். செய்யாமல் விட்டால் கை மறந்துவிடும். மாறி மாறி நிற்பதால் ஒரே மணிக்கட்டு, ஒரே தோள் நாள் முழுக்க வலிப்பதும் குறையும்.

இனி இன்சென்டிவ். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

ஷிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தோர்ன் ஆலையில் 1931, 1932-ல் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். டெலிபோன் சுவிட்ச் பலகைக்கு வயர் சுற்றுவதும் சால்டர் வைப்பதும் வேலை. குழுவாக எவ்வளவு செய்கிறார்களோ அதற்கேற்பக் கூலி. கூடச் செய்தால் எல்லோருக்கும் கூடக் கிடைக்கும். ஆனால் நடந்தது வேறு. ஒரு நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் கேலி, அதற்கும் மசியாவிட்டால் மேற்கையில் ஒரு குத்து. கூடச் செய்த நாளில் கொஞ்சத்தை மறைத்துவைத்து, குறைந்த நாளில் கணக்குக் காட்டினார்கள். அற்புதமான ஒத்துழைப்பு, ஆனால் எதிர்த்திசையில். சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அதிகம் செய்து காட்டினால் கம்பெனி கூலி விகிதத்தைக் குறைக்கும், இல்லையென்றால் ஆளைக் குறைக்கும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அது பெரும் பொருளாதாரச் சரிவின் காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் லைனில் இதே நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: மாலை கடைசி ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். டார்கெட்டை எட்டியதும் கை மெதுவாகிறதா? அப்படியானால் கடந்த ஒரு வருடத்தில் டார்கெட்டை எத்தனை தடவை ஏற்றினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. கலிபோர்னியாவின் நாபாவில் கொரெட் என்ற ஆயத்த ஆடை ஆலை 1995-லிருந்து 1997-க்குள் தனிநபர் பீஸ் ரேட்டை விட்டுக் குழு முறைக்கு மாறியது. அதற்கு முன் இருந்தது பண்டல் முறை. துணிக் கட்டு ஒரு தையல்காரரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும், ஆளாளுக்கு எண்ணிக் கூலி. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழுக்களில் ஆறேழு பேர் சேர்ந்து தைத்து, குழுவின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலியைப் பகிர்ந்துகொண்டார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் கணக்கெடுத்ததில் உற்பத்தி சராசரியாக 14 சதவீதம் கூடியிருந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. முதலில் விரும்பிச் சேர்ந்தவர்கள் வேகமான தையல்காரர்கள். தனியாகத் தைத்தால் அதிகம் சம்பாதித்திருக்கக் கூடிய சிலரும் அதில் உண்டு. சராசரித் திறன் ஒரே மாதிரி உள்ள இரண்டு குழுக்களில், வேகமானவரும் மெதுவானவரும் கலந்த குழுவே அதிகம் தைத்தது. வேகமானவரிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள், அவருக்கும் சொல்லிக்கொடுக்கக் காரணம் இருந்தது.

குழுக்கூலி இரண்டு இடத்திலும் இருந்தது, விளைவு மட்டும் தலைகீழ். அதனால் திட்டத்தின் பெயரைவிட, கூடச் செய்தால் தங்களுக்கு என்ன ஆகும் என்று ஆட்கள் நம்புகிறார்கள் என்பதே பெரிது. நீங்கள் வைப்பதாக இருந்தால் லைனுக்கு ஒரே தொகை, எட்டுப் பேருக்கும் சமம், ரீவொர்க் வந்த (திரும்பப் பிரித்துச் சரிசெய்ய வேண்டி வந்த) பீஸ் கணக்கில் சேராது. தனிநபர் இன்சென்டிவ் வைத்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். பக்கத்து ஆளுக்குக் கார்டு கோர்த்துக் கொடுக்கும் 35 வினாடி யார் கணக்கில் வரும்? லைனே சேர்ந்து முறையை மாற்றி எண்ணிக்கை கூடினால், ஒரு வருடத்துக்கு டார்கெட்டைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கை கூடியதால் யாரையும் நிறுத்த மாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எட்டுப் பேர் வேலையை ஏழு பேர் செய்ய முடிகிறதா? எட்டாவது ஆளை சப்-அசெம்பிளிக்கோ பயிற்சிக்கோ அனுப்புங்கள், அதுவும் மிக நல்ல ஆளை. மெதுவான ஆளை அனுப்பினால் அது தண்டனை என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

இதை முழுத் தொழிற்சாலை அளவில் செய்து காட்டிய இடம் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே நடத்திய ஆலை, திடீர் வேலைநிறுத்தத்துக்கும் வராமல் போகும் ஆட்களுக்கும் பேர்போனது. 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக நும்மி என்ற பெயரில் திறந்தபோது, எடுத்த தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பழைய ஆட்களே, சங்கமும் அதுவே. எண்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் இருந்த இடத்தில் உற்பத்திக்கு ஒரே பிரிவு. சிறு குழுக்கள், குழுவுக்குள் வேலை மாற்றம். யார் வேண்டுமானாலும் இழுக்கக் கூடிய கயிறு. இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார், அதற்குள் சரியாகாவிட்டால் மட்டுமே லைன் நிற்கும். ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பைத் தவிர்க்கும் உறுதியும் இருந்தது. சில வருடங்கள் கழித்து விற்பனை சரிந்தபோது ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைக்கும் அனுப்பி, அந்த உறுதியைக் காப்பாற்றினார்கள். இதே காலத்தில் ஸ்வீடனின் உத்தேவல்லாவில் வோல்வோ லைனையே ஒழித்துவிட்டு, சின்னக் குழுக்கள் முழுக் காரையும் கட்டும் ஆலையை 1989-ல் தொடங்கி 1993-ல் மூடியது. அது தோல்வியா, விற்பனை விழுந்ததன் பலியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். மனிதர்கள் எவ்வளவு நீண்ட வேலையையும் கற்றுக்கொள்வார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை.

கயிற்றுக்குப் பதில் உங்களுக்கு ஸ்டேஷனுக்கு ஒரு காலிங் பெல் போதும். ஆனால் பெல் அடித்தால் யார் வருவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு தடவை அடித்து யாரும் வராவிட்டால் மூன்றாவது தடவை அடிக்க மாட்டார்கள். வந்தவர் "என்னாச்சு?" என்று கேட்கிறாரா, "என்ன பண்ணினே?" என்று கேட்கிறாரா என்பதையும் லைன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

வாளி வரிசையில் ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெதுவானவர் முன்னால், வேகமானவர் பின்னால் என்று நிறுத்தினால், இருபது வருடம் வேலை பார்த்த அக்கா இரண்டு வருடப் பையனுக்கு முன்னால் நிற்க நேரலாம். வேக வரிசை என்று அறிவிக்காதீர்கள். "அக்கா, தொடக்கத்துல நீங்க நின்னாதான் பாடி சுத்தமா வருது" என்பதும் பொய்யில்லை. பொறுமையான கை தேவைப்படும் வேலை அங்கே இருக்கிறது. பையனும் பாடியைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் "இங்க குடுங்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கப் பழக வேண்டும். கைமாற்றும் அந்த இரண்டு வினாடியில் மரியாதை குறைந்தால் முறையே படுத்துவிடும். இதை எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கன்வேயர். இப்போது வாங்காதீர்கள். ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913-ல் மேக்னட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் பாகம்) அசெம்பிளியை 29 பேருக்குப் பிரித்தபோது ஒன்றுக்கு 20 நிமிடம் ஆனது 13 நிமிடமாக இறங்கியது. அடுத்து மேடையின் உயரத்தை ஏற்றினார்கள், குனிவது குறைந்து 7 நிமிடமாயிற்று. நகரும் சங்கிலியின் வேகத்தைச் சரிசெய்து 5-க்குக் கொண்டுவந்தது அதற்கும் பிறகுதான். அதே வருடம் அங்கே ஆட்கள் வேலையை விட்டு ஓடிய விகிதம் 370 சதவீதம் (நூறு இடத்துக்கு வருடத்தில் 370 பேர் விட்டுப்போன கணக்கு) என்பதும் பதிவில் இருக்கிறது. கன்வேயர் வந்தால் எல்லோருக்கும் ஒரே வேகம், எல்லைகள் இறுகிவிடும். மூன்றாவது ஆள் கார்டு கோர்த்துக் கொடுக்க நிற்க முடியாது. இடுப்பு உயரத்துக்கு ரோலர் மேடை போடுங்கள், பாடியை விரலால் தள்ளினால் போகும் அளவுக்கு. வயரிங் ஸ்டேஷனில் பாடியைக் கவிழ்த்துப் பிடிக்க ஒரு ஜிக் செய்யுங்கள், லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. மணிக்கு 21 நிலையாக வரத் தொடங்கி, ஆர்டரும் அதைத் தாண்டினால், அப்போது கன்வேயரா, இன்னொரு சின்ன லைனா என்று பேசலாம். நான் இன்னொரு சின்ன லைன் என்பேன். சங்கிலிப் பயிற்சி முடித்த எட்டுப் பேரில் இரண்டு பேர் அதைத் தொடங்கி நடத்துவார்கள்.